பாஞ்சாலங்குறிச்சிப் பாட்டு – 11: மூன்று நிமிடத்துக்குள் அடங்கிய இரவு

1799 அக்டோபர் 16. கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கதையை இடிக்க முடியவில்லை. அது கும்மியாகவும் வில்லுப்பாட்டாகவும் கம்பளத்தார் கூத்தாகவும் ஊர் ஊராக நடந்ததை இந்தத் தொடரின் முற்பகுதியில் பார்த்தோம்.

சென்ற வாரம் அதே வட்டாரத்தில் பிறந்த இன்னொருவரோடு பயணம் செய்தோம். காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். 24 வயதில் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு நாடகக் கம்பெனிக்குப் போனவர். சனீஸ்வரனாகவும் எமனாகவும் மேடையேறி ஊரை நடுங்கவைத்துவிட்டு, வேஷத்தைக் கலைத்து வாத்தியாராக அமர்ந்தவர். சங்கரதாஸ் சுவாமிகள்.

1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பக்கவாதம் வந்து உடம்பு முடங்கிய பிறகும் கம்பெனியை விட்டு அகலவில்லை. 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் கண்மூடினார்.

அவருக்குப் பின் பதின்மூன்று ஆண்டுகள். அவர் பாட்டு உச்சிக்கு ஏறியது, கடைச்சரக்கானது, இருந்த இடத்தை இழந்தது எல்லாமே அந்தப் பதின்மூன்று ஆண்டுக்குள்தான். இந்த வாரம் அந்தக் கதை.

*

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அன்றைக்கு மதிப்புக்குரிய சங்கீதம் எங்கே இருந்தது? கோயிலில் இருந்தது. மிராசுதார் வீட்டுக் கல்யாணப் பந்தலில் இருந்தது. சென்னையில் சபாக்களில் இருந்தது. நாடகக் கொட்டகைப் பாட்டு இவை எல்லாவற்றுக்கும் வெளியே நின்றது.

சுவாமிகள் ராகம் அறியாதவர் அல்லர். கல்யாணியும் காம்போதியும் அவர் நாடகங்களில் தாராளமாக உண்டு. ஆனால் அவற்றின் பக்கத்திலேயே காவடிச்சிந்து வரும். தெம்மாங்கு வரும். பம்பாயிலிருந்து வந்துபோன பார்சிக் கம்பெனிகள் விட்டுச்சென்ற மெட்டு வரும். கூடவே ஆர்மோனியம். அந்தப் பெட்டியைச் சங்கீத உலகம் எவ்வளவு வெறுத்தது என்பதற்குச் சான்று வேண்டுமானால், 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடையே போட்டது. கொட்டகையிலோ அது இல்லாமல் திரை உயராது.

சுவாமிகளின் நாடகங்கள் பரவியதற்கு இன்னொரு காரணம் உண்டு. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற ஏற்பாடு.

ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். பபூன் வேறோர் ஊரிலிருந்து வருவார். மாலையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு ‘வள்ளி திருமணம்’ தொடங்கினால் விடியும்வரை ஓடும். எப்படி முடிந்தது? எல்லோர் நெஞ்சிலும் ஒரே பாடம் இருந்தது. சுவாமிகள் எழுதிய பாடம். ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘நல்லதங்காள்’ எதுவானாலும், எந்த ஊர் நடிகரும் எந்த ஊர் மேடையிலும் ஏறிக்கொள்ளலாம்.

பாடம் ஒன்றுதான். ஆனால் அதற்குள் தர்க்கம் இருந்தது. தினைப்புனத்தில் வேடனாக வந்த முருகனும் வள்ளியும் கேள்வி பதிலாகப் பாட்டாலேயே மோதிக்கொள்ளும் இடம். அங்கே எழுதிவைத்ததோடு யாரும் நிற்பதில்லை. எதிராளி எழுப்பிய சுருதிக்கு மேலே போக வேண்டும். அவர் போட்ட சங்கதியை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊர் பார்க்க வந்தது இந்த மோதலைத்தான். யார் தோற்பார் என்பது அன்றிரவுவரை யாருக்கும் தெரியாது.

அப்படி ஓர் இரவில்தான் நம் கதை திரும்புகிறது. இடம் தமிழ்நாடு அல்ல. கடலுக்கு அப்பால்.

*

தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொழும்பு அயலூர் மாதிரி. முத்துக்குளித்துறை வணிகர்களுக்கு அங்கே கடைகள் இருந்தன. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தக் கடல்வழிக்காகத்தான். சரக்கோடும் கூலி ஆளோடும் நாடகமும் அக்கரைக்குப் போனது. தோட்டத் தொழிலாளரும் கொழும்புக் கடைக்காரரும் ஊர்ப் பாட்டுக்கு ஏங்கிக் கிடந்தார்கள். இங்கே ஒரு கம்பெனி நொடித்தால், இலங்கைக்கு ஒரு நடை போய் வந்து நிமிர்வது அன்றைய வழக்கம்.

1926. கொழும்பில் ஓர் இளம்பெண் மேடையைப் பிடித்திருந்தார். கொடுமுடியில் 1908இல் பிறந்தவர். வறுமைக்குப் பிறந்த பிள்ளை. சிறு வயதில் வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து பாடம் கற்றவர். கே.பி. சுந்தராம்பாள்.

நாடகக் காண்டிராக்டர்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. செங்கோட்டை கிட்டப்பாவை வரவழைத்து இந்தப் பெண்ணோடு நிறுத்தினால்?

எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அப்போது இருபது வயது. குழந்தைப் பருவத்திலேயே மேடை ஏறியவர். சுவாமிகளிடம் பயின்றவர். கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ அவரைச் சென்னையின் செல்லப் பிள்ளையாக்கியிருந்தது. ஆண் குரல்கள் எட்டத் தயங்கும் மேல்ஸ்தாயியில் அவர் சாவகாசமாக உலவுவார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரருக்கும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும்.

சுந்தராம்பாளைச் சுற்றி இருந்தவர்கள் பயந்தார்கள். கிட்டப்பாவுக்கு எதிரே நின்று பாட முடியுமா, வேண்டாம் என்று தடுத்தவர்கள் உண்டு. அவர் வாழ்க்கையைச் சொல்லும் எல்லோரும் இந்தத் தயக்கத்தைச் சொல்கிறார்கள். அவர் பின்வாங்கவில்லை.

நாடகம் ‘வள்ளி திருமணம்’. சுவாமிகளின் பாடம்.

இதை எழுதும்போது என் மனம் அந்தத் தினைப்புனக் காட்சியிலேயே நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பரணில் நிற்கிறாள். எதிரே தமிழ் மேடையின் முதல் குரல். அவன் உயரே போகப் போக அவளும் போக வேண்டும், இல்லையென்றால் அன்றோடு முடிந்தது. அவள் போனாள். கிட்டப்பாவின் சுருதிக்கு இணையாக நின்று பாடக்கூடிய ஒரே பெண் என்ற பெயர் அந்தக் கொழும்பு நாட்களில்தான் அவளுக்குக் கிடைத்தது.

மேடையில் வள்ளியும் வேலனுமாக நின்றவர்கள் 1927இல் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். அதனால் அந்த மணத்தில் இன்பத்தைவிடப் பிரிவும் கண்ணீரும்தான் அதிகம். அதைப் பற்றி இங்கே நீட்டப்போவதில்லை. நம் கதைக்கு வேண்டியது, இருவரும் சேர்ந்து தமிழகம் திரும்பிய பிறகு நடந்தது.

*

இருவரும் ஒரே மேடையில் என்று நோட்டீஸ் ஒட்டினால் பக்கத்து ஊர்களில் மாட்டுவண்டி மிஞ்சாது. ஆனால் ஓர் இரவில் ஓர் ஊரில்தான் பாட முடியும். அந்த எல்லையை உடைத்தது இசைத்தட்டு.

கிராமபோன் கம்பெனி 1902இலேயே கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டது. 1908இல் அங்கேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்தது. 1925க்குப் பிறகு மைக் வைத்துப் பதியும் முறை வந்ததும் குரலின் நுணுக்கம் தட்டில் ஏறத் தொடங்கியது. ஜனங்கள் ‘பிளேட்டு’ என்றார்கள். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்.

இந்த மூன்று நிமிடம் என்ற கணக்கைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

கொட்டகையில் ஒரே பாட்டு அரைமணி நேரம் போகும். கிட்டப்பா ஆலாபனை செய்வார். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் பின்தொடர்வார். ஜனங்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்பார்கள், திரும்பப் பாடுவார். எதிரே நிற்பவர் மறித்துப் பாடுவார். தட்டில் இதற்கெல்லாம் இடமில்லை. பல்லவி, ஒரு சரணம், ஒரு சின்னப் பறப்பு, முடிந்தது. தர்க்கம் போயிற்று. பபூன் போனான். கதையும் போயிற்று. எஞ்சியது குரல். மதுரையில் போட்டாலும் சிங்கப்பூரில் போட்டாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் குரல்.

அதைத்தான் விற்றார்கள். நன்றாகவே விற்றார்கள்.

கடைத்தெருவில் பெட்டியின் குழாயை வாசல் பக்கம் திருப்பி வைத்துப் பிளேட்டு போட்டார்கள். வாங்க வசதியில்லாத கூட்டம் வீதியில் நின்று கேட்டது. கல்யாண வீடுகளுக்குப் பெட்டி வாடகைக்குப் போனது. நாடகப் பாட்டுகளை மலிவுத் தாளில் அச்சிட்டுக் கொட்டகை வாசலிலும் சந்தையிலும் விற்றார்கள். முழு நாடகத்தையே சுருக்கிப் பல தட்டுகளில் பதிந்து ‘செட்’ என்று அடுக்கிக் கொடுத்தார்கள். நோட்டீஸில் நடிகர் பெயருக்கு முன்னால் ‘கிராமபோன் புகழ்’ என்ற பட்டம் ஏறியது.

அந்தப் பட்டத்தின் பொருள் என்ன? நேற்றுவரை மேடையில் பேர் வாங்கியவரைத் தேடித் தட்டுக்காரர் வந்தார். இனித் தட்டில் பேர் வாங்கியவரைத் தேடி மேடைக்கு ஆள் வரும். வழி தலைகீழானது.

இன்னொன்றும் நடந்தது. தட்டின் நடுவட்டத்தில் பாடியவர் பெயர் இருக்கும், ராகம் இருக்கும், தாளம் இருக்கும். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. உப்பளக் கணக்கை உதறிவிட்டு வந்து, மனம் குவிந்தால் ஒரே இரவில் ஒரு முழு நாடகத்தையும் எழுதி முடித்த மனிதர் அவர். அவர் வார்த்தைகள் தமிழர் இருக்கும் நாடுகளிலெல்லாம் சுழன்றன, பெயர் இல்லாமல். எனக்கு இது இன்றைக்கும் ஆறாத விஷயம்.

கொட்டகைக்காரர்கள் அபாயத்தை உணர்ந்தார்களா? வசூல் ஏறிக்கொண்டிருந்தது. தட்டைக் கேட்டவர்கள் ஆளைப் பார்க்க ஓடி வந்தார்கள். அபாயம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் ஜனங்களின் ஆசை மாறிவிட்டது. அவர்கள் கேட்டது இப்போது நாடகத்தை அல்ல, குரலையும் அந்தக் குரலுக்குரிய முகத்தையும். அவ்விரண்டையும் மலிவாகத் தரும் இன்னொரு பெட்டி வந்தால்?

*

1931 அக்டோபர் 31. தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ வெளியானது. பம்பாய் இம்பீரியல் கம்பெனியின் தயாரிப்பு. இயக்கியவர் எச்.எம். ரெட்டி. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி, நாடகமேடையின் பிள்ளை. பாட்டெழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ், அவரும் நாடக வாத்தியார். படத்தில் தேசியப் பாட்டும் உண்டு, கீர்த்தனையும் உண்டு. எல்லாரும் ஒரே மொழியில்கூடப் பேசவில்லை. ஆனாலும் கூட்டம் அலைமோதியது. திரையில் ஒரு முகம் வாயைத் திறக்கிறது, பாட்டு வருகிறது. அது போதுமானதாக இருந்தது.

சினிமா மேடையை எதிர்த்துப் போரிடவில்லை. மேடையிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. கதையை, பாட்டை, நடிகரை, ஆர்மோனியக்காரரை, ரசிகரை. 1933இல் ‘வள்ளி திருமணம்’ படமாகி ஓடு ஓடென்று ஓடியது. 1934இல் ‘பவளக்கொடி’. ஏறக்குறைய ஐம்பது பாட்டு. மேடையில் அர்ஜுனனாகவும் பவளக்கொடியாகவும் நடித்துக்கொண்டிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் அப்படியே கேமரா முன்னால் நிறுத்தினார் கே. சுப்ரமணியம்.

இதில் கிட்டப்பா எங்கே?

கிட்டப்பா எந்தப் படத்திலும் இல்லை.

*

1933 இறுதி. திருவாரூர் மேடை. பாடிக்கொண்டிருந்தபோதே கிட்டப்பாவுக்கு உடம்பு தாங்கவில்லை. சில ஆண்டுகளாகவே நோய் உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது. இரவெல்லாம் கண்விழிப்பு, ஓய்வில்லாத பயணம், குடி. அத்தோடு மேடை வாழ்க்கை முடிந்தது. டிசம்பர் 2, செங்கோட்டை. அவர் போய்விட்டார்.

வயது 27.

இந்த எண்ணைக் கண்டதும் எனக்கு இன்னொரு நாடும் இன்னொரு காலமும் நினைவுக்கு வந்தன. அமெரிக்காவின் சியாட்டில் நகரம். பெரிய கம்பெனிகளின் பளபளப்புக்கு வெளியே, சின்னச் சின்ன மேடைகளில் வளர்ந்த ‘ஆல்டர்னேட்டிவ் ராக்’ என்ற இசை. 1991 செப்டம்பரில் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் இசைத்தொகுப்பையே விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. அடுத்த நாளே கம்பெனிகள் காசோலையோடு அந்த ஊரில் இறங்கின. வெளியே நின்ற இசை, வெளியே நிற்பது என்ற பேரிலேயே கடைக்கு வந்தது. 1994 ஏப்ரலில் நிர்வாணாவின் தலைப்பாடகர் கர்ட் கோபேன் தன்னை மாய்த்துக்கொண்டார். அவருக்கும் 27. பிறகு பல ஆண்டுகளுக்குக் கம்பெனிகள் அவரைப் போன்ற குரல்களைத் தேடிப் பதிந்தன. சில ஆண்டுகளில் ஜனங்களின் காது வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அந்த ஊர் வேறு, இந்த ஊர் வேறு. சாவுகளும் வேறு. ஆனால் குரலை அதன் இடத்திலிருந்து பிரித்து விற்ற பிறகு, குரலுக்கு உரியவர் இல்லாமல் போனாலும் வியாபாரம் நிற்பதில்லை என்பதை இரண்டு இடத்திலும் பார்க்கிறேன். செங்கோட்டையில் சிதை எரிந்த பிறகும் கிட்டப்பாவின் பிளேட்டுகள் விற்றன. ‘அடுத்த கிட்டப்பா யார்?’ என்ற தேடல் தொடங்கியது. அதே உயரத்தில், அதே வழியில் பாடிய பாகவதரை ஜனங்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா பின்னால் வந்தார். அவர் சிறுவனாகப் பாடம் கற்றது சுவாமிகளின் மதுரைச் சபையில்.

தேடியவர்கள் யார் என்பதும் முக்கியம். காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்ற குடும்பத்து இளைஞர் ஒருவர், விற்றால் போதாது, நாமே பதிய வேண்டும் என்று சென்னைக்கு வந்து கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். எந்தப் பாட்டுக்கு ஜனங்கள் பணம் கொடுப்பார்கள் என்பது தட்டுக் கடைக்காரருக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? 1935இல் அவர் எடுத்த முதல் படம் ‘அல்லி அர்ஜுனா’. அது கையைச் சுட்டது. அவர் விடவில்லை. அவர் பெயர் ஏ.வி. மெய்யப்பன். தட்டிலிருந்து திரைக்கு எத்தனை குறுகிய தூரம் என்பதற்கு ஏ.வி.எம். என்ற மூன்று எழுத்தே சாட்சி.

*

கொடுமுடியில் ஒரு பெண் வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டாள். 25 வயது. பூ இல்லை, நகை இல்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தாள். கிட்டப்பா இல்லாத தினைப்புனத்தில் அவளுக்கு வேலை இல்லை.

அந்த வாசலுக்குச் சினிமா வந்தது. தயாரிப்பாளர் அசன்தாஸ். படம் ‘நந்தனார்’. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு இந்திய சினிமாவில் அது கேட்டறியாத தொகை. நந்தனார் ஆண் வேடம் என்பதால் உறுதி கெடவில்லை. அவர் ஒப்புக்கொண்டார். 1935இல் படம் வெளிவந்தது. எதிரே வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், கர்நாடக சங்கீதத்தின் பெரிய பெயர். கொட்டகையும் சபாவும் ஒரே திரையில். எழுத்தாளர் கல்கி கடுமையாக விமரிசித்தார். ஆனாலும் ஒரு லட்சம் என்ற செய்தி கம்பெனி நடிகர் ஒவ்வொருவர் காதிலும் ஒலித்தது.

அதற்குப் பிறகு யார் கொட்டகையில் இருப்பார்கள்? குரல் உள்ளவர்கள் ரயிலேறினார்கள், பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும். நாடகக் கம்பெனி நடத்திய டி.கே.எஸ். சகோதரர்களே அந்த ஆண்டு ‘மேனகா’ படத்துக்குப் போனார்கள். ஸ்பெஷல் நாடகம் சாகவில்லை. இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி தினைப்புனம் காக்கிறாள், விடிய விடிய. ஆனால் தமிழ்நாடு முழுவதும் எதைப் பாடுவது என்று தீர்மானித்த இடம் அதன் கையைவிட்டுப் போனது. திரும்ப வரவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் ஒரு கூத்து நடந்தது. பேர் வாங்கிய பாடகர் யாரும் அதில் இல்லை. கிராமபோன் புகழ் யாருக்கும் இல்லை. கம்பளத்தார் தங்கள் குலத்து வீரனைப் பற்றித் தாங்களே ஆடிய கட்டபொம்மன் கதை. பார்த்தவர்களில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் கணேசன். பார்த்ததிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டைவிட்டு ஓடினான். ஓடியது சினிமாவுக்கு அல்ல, ஒரு நாடகக் கம்பெனிக்கு.

பாட்டுக்காரர்கள் எல்லாம் வெளியேறிக்கொண்டிருந்த வீட்டுக்குள், பாட்டுக்குரல் இல்லாத ஒரு பையன் எதை நம்பி நுழைந்தான்? அந்தக் கூத்தில் அவன் கேட்டது பாட்டையா, வேறு எதையா?

(அடுத்த வாரம் தொடரும்)